அந்தத் தீர்ப்பை யாராவது படித்தீர்களா?

2025 குடியரசுத் துணைத் தலைவர் தேர்தல் முடிந்து, முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி சுதர்சன் ரெட்டி தோற்று, நம்ம திருப்பூர்க்காரர் சி.பி. ராதாகிருஷ்ணன் பதவியும் ஏற்றாயிற்று. ஆனால் கொச்சியில் உள்துறை அமைச்சர் அமித் ஷா சொன்ன அந்த ஒரு வரி மட்டும் இங்கே ஓய மாட்டேன் என்கிறது. ரெட்டி இருந்த அமர்வு தந்த சல்வா ஜூடும் தீர்ப்பு வராமல் இருந்திருந்தால் 2020-லேயே நக்சல் பிரச்சினை முடிந்திருக்குமாம். சல்வா ஜூடும் என்பது மாவோயிஸ்டுகளுக்கு எதிராக சத்தீஸ்கரில் அரசு ஆதரவோடு ஆதிவாசிகளைத் திரட்டிய இயக்கம். நேற்றும் ஒரு நண்பர் பகிர்ந்திருந்தார், கீழே நூறு கைதட்டல்.

2011 ஜூலை 5 தீர்ப்பு மாவோயிஸ்டுகளோடு சண்டை போடாதே என்று சொல்லவில்லை. எங்கேயும் சொல்லவில்லை. போதிய பயிற்சி இல்லாத ஆதிவாசி இளைஞர்கள் கையில் துப்பாக்கி கொடுத்துச் சண்டைக்கு அனுப்பாதே என்றுதான் சொன்னது. அரசு சண்டை போடட்டும், ஆனால் யார் கையில் துப்பாக்கி என்பதுதான் கேள்வி. எந்தப் போர் நியாயமானது என்று பேசுகிறவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்: ஆயுதம் எடுக்கும் அதிகாரம் யாருக்கு, அவருக்குப் போராளி யார், ஊர்க்காரர் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியுமா?

சத்தீஸ்கர் அரசே கோர்ட்டில் கொடுத்த கணக்கு இது. 6,500 சிறப்புக் காவல் அலுவலர்கள், அதாவது எஸ்.பி.ஓ.க்கள். ஐந்தாம் வகுப்பு தேறியிருந்தால் முன்னுரிமை. மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியம், அதில் 80 சதவீதம் மத்திய அரசு தந்தது. பயிற்சி இரண்டு மாதம். சட்டம், அதாவது ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி., சாட்சியச் சட்டம் எல்லாம் சேர்த்து, ஒரு மணி நேர வகுப்பு 24. மனித உரிமையும் அரசமைப்பும் 12. பஸ்தர் பண்பாடு 9. (பஸ்தர் பையனுக்கே பஸ்தர் பண்பாடு!) எப்போது சுடலாம், எப்போது கூடாது என்பதை இந்த 24 மணி நேரத்தில் அவன் கற்றுக்கொள்ள வேண்டும்.

"முகாமுக்கு வந்துவிடுங்கள் என்று சல்வா ஜூடும்காரர்கள் ஊர்களுக்குச் சொன்னார்களே, புறநானூற்றிலும் அப்படித்தானே?" என்று தமிழ்ப் பற்றோடு கேட்பவர்களும் உண்டு. பசுக்களும் பெண்களும் நோயாளிகளும் அரண் சேருங்கள், அம்பு விடப்போகிறோம் என்று நெட்டிமையார் பாடியது உண்மைதான். ஆனால் வராமல் காட்டில் தங்கியவரை எல்லாம் எதிரிக் கணக்கில் எழுதச் சொல்லி அவர் பாடவில்லை.

"மாவோயிஸ்டுகள் கொன்றதைப் பேச மாட்டாயா?" பேசுகிறேன். 2006-இல் எர்ரபோர் முகாமில் தூங்கிக்கொண்டிருந்த ஆதிவாசிகளைக் கொன்றார்கள். அதற்கு எந்தச் சித்தாந்தத்திலும் மன்னிப்பு கிடையாது. 2007 மார்ச்சில் ராணிபோத்லி காவல் முகாமில் 55 பேர், பெரும்பாலும் இதே எஸ்.பி.ஓ. பையன்கள். அதைத்தான் கோர்ட்டும் கேட்டது: இவர்களை ஏன் முன்னால் நிறுத்தினீர்கள்?

சரி, 2020 கணக்குக்கு வருவோம். சல்வா ஜூடும் தொடங்கியது 2005. சத்தீஸ்கரின் தாட்மெட்லாவில் மாவோயிஸ்ட் தாக்குதலில் 76 வீரர்கள் செத்தது 2010 ஏப்ரல், தீர்ப்புக்கு முன்னால். நாடு முழுக்கச் சாவு உச்சம் தொட்டதும் 2010 தான். பொதுமக்களும் படையினரும் சேர்த்து 1,005. உள்துறை அமைச்சகத்தின் எண், என்னுடையதல்ல. இறங்கியது அதற்குப் பிறகு. தீர்ப்பால்தான் இறங்கியது என்று நான் சொல்ல மாட்டேன், அவ்வளவு அசட்டுத் தைரியம் எனக்கில்லை. தீர்ப்பால் கெட்டது என்று சொல்லும் தைரியம் மட்டும் உங்களுக்கு எங்கிருந்து வருகிறது?

இன்னொரு வேடிக்கை. தீர்ப்பு வந்த அதே ஆண்டிலேயே மாநில அரசு துணை ஆயுதப் படைச் சட்டம் கொண்டுவந்து, இதே ஆட்களைச் சேர்த்துக்கொண்டது. பிறகு பலர் நக்சல்களை எதிர்க்கும் மாவட்ட ரிசர்வ் காவல் படையான டி.ஆர்.ஜி.க்குப் போனார்கள். ஆக, ரெட்டி பறித்ததாகச் சொல்லும் துப்பாக்கி எங்கே போயிற்று? பெயர்ப் பலகைதானே மாறியது?

"ஏ.சி. அறையில் உட்கார்ந்து பேசுகிறாய்" என்பவர்களுக்குப் பதில் இல்லை. நீங்களும் தண்டேவாடாவிலிருந்து டைப் செய்யவில்லை.

ஆதிவாசியை ஆதிவாசி சுட்டான், செத்தது இரண்டு பக்கமும் அதே கோண்டி பேசும் பிள்ளைகள். இதைச் சொன்னால் 'நகர்ப்புற நக்சல்'. எழுதுங்கள், பழகிவிட்டது. எழுதும் முன் தீர்ப்பில் அந்தப் பாடத்திட்டம் வரும் பத்தியை மட்டுமாவது படித்துவிட்டு வாருங்கள். உங்களுக்கு ஒரு வகுப்பே போதும்.