பெலடோன்னா: நள்ளிரவில் இரண்டாவது தடவை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜப்பான் கார்ட்டூன்தானே என்று குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் போட்டுவிடாதீர்கள், பத்து நிமிடத்துக்குள் ரிமோட்டைத் தேடுவீர்கள். எய்ச்சி யமமோட்டோ இயக்கி 1973இல் வந்த 'பெலடோன்னா ஆஃப் சாட்னெஸ்'. நேற்று எல்லோரும் தூங்கிய பிறகு இரண்டாவது தடவை பார்த்தேன்.

ழூல் மிஷ்லே என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் சூனியக்காரிகளைப் பற்றி 1862இல் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்த கதை. இடைக்கால பிரான்சில் ஒரு கிராமம். ழான் என்ற பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிறது (புருஷன் பெயரும் கிட்டத்தட்ட அதேதான், குழம்பும், புருஷன் என்றே வைத்துக்கொள்வோம்). கேட்ட வரியைக் கட்ட வழியில்லை, அதற்காக அன்றைக்கே பிரபு அவளைச் சீரழிக்கிறான். உடைந்துபோயிருக்கும் அவளிடம் சாத்தான் வருகிறான், முதலில் விரலளவு, அவள் ஆத்திரம் வளர வளர அவனும் வளர்கிறான். இயக்குநர் குரசவாவின் படங்களில் நடித்த தட்சுயா நகடாய்தான் அவனுக்குக் குரல்.

படத்தின் பெரும்பகுதி அசைவதே இல்லை. குனி ஃபுகாயின் நீர்வண்ண ஓவியங்கள், கிளிம்ட், பியர்ட்ஸ்லி என்ற ஓவியர்களின் சாயலில், நீளநீளமாக. அவற்றின் மேல் கேமரா மட்டும் நகர்ந்து போகிறது. காசில்லாமல் இப்படி ஒப்பேற்றிவிட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மைதான். தயாரித்த முஷி புரொடக்‌ஷன், காமிக்ஸ் ஓவியர் ஒசாமு டெசுகா ஆரம்பித்த நிறுவனம். 1963இல் 'ஆஸ்ட்ரோ பாய்' டிவி கார்ட்டூன் தொடரை வாராவாரம் கொடுப்பதற்காக, வாயை மட்டும் அசை, முடிந்தால் அதையும் அசைக்காதே என்று சிக்கனமாக வரையப் பழகிய இடம் அது. இந்தப் படத்தின்போது டெசுகா விலகியிருந்தார், படம் வந்த வருடமே நிறுவனமும் திவாலானது. ஆனால் வயிற்றுப்பாட்டுக்குக் கற்றுக்கொண்ட அந்தச் சிக்கனத்தையே கடைசியில் கலையாக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பேன். எல்லாம் அசைகிற படத்தில் ஒரு கை அசைந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்? இங்கே அசைவுக்காக ஏங்க வைத்துவிட்டு, வலிக்கிற இடத்தில் சரியாக அசைக்கிறார்கள். பிரபுவின் அறையில் அவள் உடம்பு சிவப்பாகக் கிழிந்து வௌவால்களாகப் பறக்கும். கொள்ளைநோய் வரும்போது ஊரே கறுப்பாக உருகி ஒழுகும். கூடவே மசஹிகோ சாட்டோவின் ஜாஸ்-ராக் இசை, ஹெட்ஃபோனில் கேட்டால் தனி பயம்.

அந்த நோய்க்கு அவள் கொடுக்கும் மருந்துதான் தலைப்பில் இருக்கிற செடி, விஷச்செடி. நம் ஊமத்தைக்கு ஒரு வகையில் பங்காளி. கத்தரிக்காயும் அதே குடும்பம்தான், அது வேறு கதை. கண் டாக்டர் கண்பாப்பாவை விரிக்க விடும் அட்ரோபின் சொட்டு மருந்து இதிலிருந்து வந்ததே.

சரி, எனக்கு உறுத்துவதையும் சொல்ல வேண்டும். இதைப் பெண்ணியப் படம் என்று கொண்டாடுகிறார்கள், அங்கேதான் எனக்கு ஒட்டவில்லை. அவளுக்கு நடந்ததைப் பார்த்துத் துடிக்கிற அதே கேமரா, அடுத்த காட்சியில் அவள் உடம்பின் மேல் தேவைக்கு மேல் ஊர்ந்துகொண்டிருக்கிறது. வக்கிரப் படம் என்று ஒரே வார்த்தையில் தள்ளுபவர்களோடும் நான் சேர மாட்டேன், ஏனென்றால் அந்தப் பேரம் பேசும் காட்சி இருக்கிறது. நோயைக் குணமாக்கும் ரகசியத்தைக் கொடு, எனக்கு அடுத்த பதவியைத் தருகிறேன் என்கிறான் பிரபு. வேண்டாம் என்கிறாள். அப்படியானால் என்னதான் வேண்டும்? எல்லாமே வேண்டும் என்கிறாள். எரித்துவிடுகிறார்கள்.

எரியும்போது கூட்டத்தில் நிற்கும் பெண்களின் முகம் ஒவ்வொன்றாக அவள் முகமாகிறது. இரண்டு தடவையும் எனக்குச் சிலிர்த்தது. அங்கேயே விட்டிருக்கலாம். அதற்கப்புறம் பிரெஞ்சுப் புரட்சியை இழுத்து வந்து, ஓவியர் டெலக்ரோவாவின் கொடி பிடித்த பெண் ஓவியத்தையும் காட்டுகிறார்கள். அந்த முகங்களைப் பார்த்தும் புரியாதவனுக்கு இந்தக் கொடியைப் பார்த்தா புரியப்போகிறது?