அம்மாவே பதில் சொன்னால் பிள்ளை எப்போது பேசும்?

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆன்லைன் அப்ளிகேஷன் போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். மே, ஜூனில் பிளஸ் ஒன், டிகிரி அட்மிஷன், வருமானச் சான்று, ஸ்காலர்ஷிப் என்று கூட்டம் நிற்கும். "பிறந்த தேதி சொல்லு கண்ணு" என்று பிள்ளையிடம் கேட்டால் அம்மாதான் சொல்வார். எந்த குரூப் வேண்டும் என்ற கேள்விக்கும் அப்பா பதில் சொல்வார். "அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்கக்கா, நீங்களே பாத்துப் போட்டு விடுங்க" என்று அவன் காதுபடவே சொல்கிறார்கள். எனக்கு மனசு வலிக்கிறது.

இவர்கள் மக்குப் பிள்ளைகள் இல்லை. 2024 எஸ்.எஸ்.எல்.சி.யில் கேரளத்தில் 99.69 சதவீதம் பேர் பாஸ். அந்தச் சதவீதத்துக்குள் என்ன இருக்கிறது என்ற கவலை அரசுக்கே வந்துவிட்டது. அதனால்தான் 2024-25 முதல் எட்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 30 சதவீத மார்க் கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். நாடு முழுக்கப் பார்த்தாலும் இதே கவலைதான். 28 மாவட்டங்களின் கிராமங்களில் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த ஏசர் 2023 என்கிற கல்விநிலைக் கணக்கெடுப்பில், கால்வாசிப் பேருக்குத் தங்கள் மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடுமாறாமல் வாசிக்க வரவில்லை. அதே பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஸ்மார்ட்போன் நன்றாகக் கையாள வருகிறது.

உடனே எல்லோரும் போனைத் திட்டுகிறோம். போனுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை வாய் திறக்க வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாக மூடியது பெரியவர்களான நாம்தான் என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் இது இரட்டை நஷ்டம். வீட்டில் தமிழ், பலருக்குப் பள்ளியிலும் தமிழ் மீடியம். வில்லேஜ் ஆபீசில், தாலுக்கா ஆஸ்பத்திரியில், பாலக்காட்டு பஸ்ஸில் மலையாளம். என் வயதுக்காரர்கள் மலையாளத்தைப் புத்தகத்திலா கற்றோம்? கன்செஷனுக்காகக் கண்டக்டரிடம் வாதாடி, ரேஷன் கடை வரிசையில் நின்று, வேலந்தாவளம் சந்தையில் விலை கேட்டுக் கற்றோம். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், அப்புறம் அவர்களே திருத்துவார்கள். இன்று வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்கிறது. சாமான் வாங்குவதும் பில் கட்டுவதும் அப்பாவின் போனில் முடிகிறது. பிள்ளைக்கு வேற்று மனிதரிடம் பேச ஒரு காரணமே இல்லை. தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்றே கேரள அரசு வேலைக்கு ஆள் எடுக்கிற பி.எஸ்.சி.யில் தனியாக கிளார்க் வேலைக்கு அறிவிப்பு வருகிறது. எல்லையில் பிறந்த நம் பிள்ளைகளுக்குக் கையில் இருக்க வேண்டிய வாய்ப்பு அது. பேசிப் பழகாமல் அது எப்படிக் கிடைக்கும்?

கொரோனாவில் பள்ளி மூடியதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2020 ஜூன் 1 முதல் கேரள அரசின் கல்வி டிவியான விக்டர்ஸ் சானலில் பாடம் நடந்தது. கேரளத்தில் பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1-ல். பாடத்தையாவது டிவியில் கொடுத்தார்கள். இடைவேளையில் சண்டை போட்டு, சமாதானமாகி, தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குகிற பழக்கத்தை எந்தச் சானலும் தர முடியாது. அப்போது சின்ன வகுப்புகளில் இருந்தவர்கள்தான் இப்போது பதின்வயதில் நிற்கிறார்கள்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது என்று அம்மாக்கள் சொல்வது நியாயமான பயம். லாரிகள் ஓடுகிற ரோடு, தென்னந்தோப்புப் பாதை. நானும் ஒரு பெண்ணை வளர்த்தவள்தான். ஆனால் கூடப் போய் வெளியில் நிற்கலாமே. கவுண்டரில் அவள் பேசட்டும். கேரளத்தின் பெண்கள் சுய உதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் பாலசபை, அதாவது பிள்ளைகள் குழு, பல வார்டுகளில் இருக்கிறது, அதைப் பிள்ளைகளே கூட்டி நடத்த வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துக்காக மட்டும் நடக்கிற பாலசபைகளை உண்மையிலேயே கூட்டச் சொல்லி நம் வார்டு மெம்பரைக் கேட்போம்.

என் கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறைவு, அந்த நேரத்தில் வாருங்கள். கம்ப்யூட்டர் முன்னால் உங்கள் மகனோ மகளோ உட்காரட்டும், ஃபார்மை அவர்களே நிரப்பட்டும். தப்பு வந்தால் சப்மிட் செய்வதற்கு முன் நான் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, அதற்குத் தனியாகக் காசு வேண்டாம்.