கார்டில் அழுக்காகத் தெரியும் பச்சையை எடுங்கள்

சுவருக்கு அடிக்க, பெயிண்ட் கடை ஷேடு கார்டில் (நிற மாதிரி அட்டையில்) ஒன்றுபோலத் தெரியும் நாலு பச்சையில் எதை எடுப்பது என்று குழம்புகிறவர்கள் தயவுசெய்து கடையில் வைத்து முடிவு செய்யாதீர்கள். கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள்மேல் வையுங்கள். ஒன்று மஞ்சளடிக்கும், ஒன்று நீலமடிக்கும், ஒன்று சாம்பல் பூத்திருக்கும். பிடிபடவில்லையென்றால் அதே பட்டையின் கடைசியில் இருக்கும் அடர்ந்த ஷேடைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் பதுங்கியிருக்கும் சாயல் அங்கே அப்பட்டமாகத் தெரியும்.

இரண்டுக்குள் இழுபறி என்றால் சாம்பல் கலந்ததையே எடுங்கள் என்பேன். நாலு சுவரும் ஒன்றன் நிறத்தை இன்னொன்றின்மேல் பிரதிபலிப்பதால், அறைக்குள் எந்தப் பச்சையும் கார்டில் இருந்ததைவிடத் தூக்கலாகிவிடும். கார்டில் அழுக்காகத் தெரிந்த சேஜ் என்ற சாம்பல் பச்சை, சுவரில் நிதானமான பச்சையாக நிற்கும். கார்டிலேயே பளிச்சென்றிருந்த பிஸ்தா, சுவரேறியதும் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிடும்.

பல்பையும் கணக்கில் எடுங்கள். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் மஞ்சள் சாயலை இன்னும் ஏற்றும், நீலச் சாயல் பச்சையை மங்கவைக்கும். 6500 கெல்வின் வெள்ளை எல்இடி நீலச் சாயலைத் தூக்கும். தரை ரெட் ஆக்சைடு என்றால் பகலில் அந்தச் சிவப்பு சுவரின் கீழ்ப்பாதியில் ஏறி, பச்சையைக் கொஞ்சம் மந்தமாக்கும்.

சாம்பிளைப் பழைய சுவரில் நேரடியாக அடிக்காதீர்கள், சுற்றியிருக்கும் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். இரண்டடிச் சதுர அட்டையில் ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன் (சுவருக்கு அடிக்கும் பெயிண்ட்), ரோலரிலேயே உருட்டுங்கள். ஓரத்தில் ஒரு அங்குலம் வெள்ளை விடுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், எமல்ஷன் காய்ந்தால் பொதுவாக அடர்ந்துவிடும். மறுநாள் அட்டையை ஜன்னல் பக்கச் சுவரிலும் எதிர்ச் சுவரிலும் நிமிர்த்தி வைத்து, காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். தரையில் படுக்கப்போட்டால் வெளிச்சம் வேறு கோணத்தில் விழும், அந்தப் பார்வைக்கு அர்த்தமில்லை.

அளவு: 10க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் நாலு சுவரும் சேர்த்து 440 சதுர அடி. கதவு, ஜன்னல் போக ஏறக்குறைய 400. பட்டி பார்த்த சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி வைத்தால் மூன்றேகால் லிட்டர் சொச்சம். 4 லிட்டர் டப்பா சரி, மிச்சம் டச்சப்புக்கு ஆகும். ஒன்றுக்கு மேல் டப்பா வாங்கினால் எல்லாவற்றையும் பெரிய பக்கெட்டில் ஊற்றிக் கலந்துவிட்டுத்தான் ரோலரை நனைக்க வேண்டும். சாம்பல் கலந்த பச்சையில் கறுப்புச் சாயம் துளி கூடினாலும் தெரியும். கலக்காமல் அடித்தால் பாதிச் சுவரில் கோடு விழும்.

"அதே நம்பரை வேற கம்பெனியில கம்மி விலைக்குப் போட்டுத் தர்றேன்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பேஸ் (சாயம் கலக்கும் மூலப் பெயிண்ட்) வேறு, சாயம் வேறு, பகலில் பொருந்தினாலும் பல்பு வெளிச்சத்தில் பிரிந்து காட்டும். டப்பா மூடியில் ஒட்டும் ஷேடு நம்பர், பேஸ் விவரச் சீட்டை, பெயிண்ட் வழிந்து மறைவதற்குள் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.