பாட்டை முழுசாக வாசிக்க ஒருத்தராவது இருக்கிறார்

ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் முன்னாள் கிதார்காரர் ஸ்டீவ் ஹேக்கெட் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 2013 அக்டோபரில் வாசித்த கச்சேரியை நேற்று ராத்திரி மறுபடியும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், முழுக்க முழுக்க ஜெனிசிஸ் பாட்டுகள். ஏழெட்டுத் தடவையாவது பார்த்திருப்பேன், ஆனாலும் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' வந்ததும் வேறு எதிலும் கவனம் போகவில்லை. இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் "குழுவை விட்டுப் போய் இத்தனை வருஷம் கழித்தும் பழைய பெயரை வைத்துத்தானே பிழைக்கிறார்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

அவர் 1971இல் உள்ளே வந்தவர், 1977இல் வெளியேறியவர். நடுவில் 'நர்சரி க்ரைம்' தொடங்கி 'விண்ட் அண்ட் வதரிங்' வரை ஆறு ஸ்டுடியோ ஆல்பங்கள். ஜெனிசிஸின் பழைய ரசிகர்கள் உயிரை விடுவதே இந்த ஆறுக்காகத்தான். வலது கை விரலால் கிதார் கழுத்திலேயே தட்டி வாசிக்கிற முறையை 1971லேயே ராக் இசைக்குள் கொண்டுவந்தவர்களில் அவர் ஒருவர். தான் எழுதியதற்குக் குழுவில் போதுமான இடம் கிடைக்கவில்லை என்பதுதான் அவருடைய மனக்குறை, அதனால்தான் விலகினார். அப்படிப்பட்டவர் அந்தப் பாட்டுகளை மேடையில் வாசிப்பதை எப்படி இரவல் என்று சொல்வது? அது அவரே கட்டிய வீடு.

சரி, ஜெனிசிஸ் என்ன செய்தது? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸ் பிறகு பாடகராகிப் பாடிய காலத்துப் பாட்டுகளும் எனக்குப் பிடிக்கும். ஆனால் 1980களில் சின்னப் பாட்டுகள் பெரிய வெற்றி பெற்றதும், பழைய நீளமான பாட்டுகள் மெல்ல மெல்லத் துண்டுகளாகி, பல பாட்டுத் துண்டுகளைக் கோர்த்து வாசிக்கிற மெட்லிக்குள் போய்விட்டன. 2007இல் மறுபடி சேர்ந்து வாசித்தபோதும் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' முழுசாக வரவில்லை, கிதார் வரும் பகுதி மட்டும்தான். 2022 மார்ச்சில் லண்டன் ஓ2 அரங்கில் கடைசிக் கச்சேரி. காலின்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார், டிரம்ஸ் வாசித்தது அவர் மகன். பார்க்கவே மனது கனத்துப்போயிற்று. அத்தோடு ஜெனிசிஸ் முடிந்தது. இனி அந்தப் பாட்டுகளை மேடையில் யார் வாசிப்பது?

'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' என்ற அந்த ஒரு பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1973இல் வந்த 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' ஆல்பத்தில் அது ஜெனிசிஸின் கீபோர்டுகாரர் டோனி பேங்க்ஸின் பியானோவோடுதான் தொடங்கும், ஒரு நிமிஷத்துக்கு மேல் தாளம் மாறி மாறி ஓடும். மேடையில் ஜெனிசிஸே அந்த முன்பகுதியைக் கைவிட்டுவிட்டது. 1977இல் வந்த 'செகண்ட்ஸ் அவுட்' நேரடிப் பதிவைக் கேளுங்கள், பியானோ இல்லாமல் நேராகப் பாட்டுக்குள் போய்விடும். ஹேக்கெட்டின் குழுவில் ராஜர் கிங் அந்தப் பியானோவை முதல் சுரத்திலிருந்து வாசிக்கிறார். கிதார்காரர் தலைமை தாங்கும் கச்சேரியில், தனக்குச் சம்பந்தமே இல்லாத பியானோ பகுதிக்கு அவர் இடம் கொடுத்து ஒதுங்கி நிற்கிறார் பாருங்கள், பழைய பெயரில் பிழைக்க நினைக்கிற ஆள் இதைச் செய்யவேண்டிய அவசியமே இல்லை.

ஹேக்கெட் குழுவின் பாடகர் நாட் சில்வனைப் பலருக்குப் பிடிக்காது. காலின்ஸுக்கு முன்னால் ஜெனிசிஸில் பாடிய பீட்டர் கேப்ரியல் மாதிரி இல்லையே என்பார்கள். ஆமாம், இல்லைதான். ஆனால் 'சப்பர்ஸ் ரெடி'யின் இருபத்து மூன்று நிமிஷத்தையும் அவர் பாடி முடித்த விதத்தில் பாட்டின் மேல் இருக்கும் மரியாதை தெரிந்தது, எனக்கு அது போதும். என் ஒரே வருத்தம் 'ஐ நோ வாட் ஐ லைக்' பாட்டை சாக்ஸபோனோடு ஜாஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போவது. அந்தப் பாட்டுக்கு அவ்வளவு நீளம் தாங்காது.

அப்புறம் அந்த கிதார். 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' பாட்டின் நடுவில் புல்லாங்குழலில் வந்த அதே மெட்டைத்தான் கிதார் பிறகு எடுத்துக்கொள்கிறது, ஆனால் ரொம்ப மெதுவாக. ஒரு சுரத்தைத் தொட்டு அப்படியே கார்வையாக நிறுத்துவார், நிற்கும், இன்னும் நிற்கும், கீழே கீபோர்டில் சேர்ந்தொலிக்கும் சுரங்கள் (கோர்டுகள்) மாறிக்கொண்டே இருக்க அந்த ஒரே சுரத்தின் நிறமும் மாறிக்கொண்டே வரும். விரல் லேசாக அதிர்வதை கேமரா கிட்டத்தில் காட்டுகிறது. அவசரமே இல்லை. 1973இல் இருபத்து மூன்று வயதில் வாசித்ததை அறுபத்து மூன்று வயதிலும் ஒரு வளைவு குறையாமல் வாசிக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு.

கேட்காதவர்கள் முதலில் ஆல்பத்தில் இருப்பதைக் கேளுங்கள், உடனே இந்த 2013 பதிவையும் போட்டுப் பாருங்கள். ஹெட்போன் இருந்தால் நல்லது.