சவாசனத்தில் படுத்திருக்கும்போது பாய் சுருட்டாதீர்கள்

யோகா வகுப்பில் ஒரு மணி நேரம் வளைந்து, வியர்த்து, கடைசியில் சவாசனத்தில், அதாவது உடலைத் தளர்த்தி அசையாமல் மல்லாந்து, படுக்கிறோம். அந்த 5 நிமிடத்துக்காகத்தான் நான் வகுப்புக்கே போகிறேன். அப்போதுதான் மூச்சு மெல்ல அடங்கும், தொடை தளரும், இறுகிக் கிடந்த தாடைகூட விட்டுக்கொடுக்கும். சரியாக அந்த நேரம் பார்த்துத் தலைமாட்டில் சர்ரென்று பாய் சுருட்டும் சத்தம். அப்புறம் சாவிக்கொத்து. அப்புறம் கதவு. அவசரம் எல்லோருக்கும் உண்டு, சரி. அப்படியென்றால் படுப்பதற்கு முன்பே கிளம்பலாமே! கதவோரமாகப் பாயை விரித்தால் யாரையும் தாண்டிப் போக வேண்டியதில்லை. நேற்று ஒருவர் என் விரலை மிதித்துவிட்டுப் போனார். திடுக்கிட்டு எழுந்தவளுக்கு நெஞ்சு படபடப்பு அடங்கவே நேரமானது. ஆசிரியரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை, அதுதான் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.