ரோபோவுக்கு என்ன வேலை பழக்கலாம் என்று அம்மாவைக் கேட்டேன்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா வாழைத்தண்டு நறுக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திருவையாறு பக்கம் எங்கள் வீட்டில் இன்னும் அரிவாள்மனைதான். ஒரு வில்லை நறுக்கியதும் நூல் நூலாக நார் இழுபடும். அதை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று சுற்றி எடுத்துவிட்டு அடுத்த வில்லைக்குப் போய்விடுவார். விரலில் நார் மோதிரம் மாதிரி சேர்ந்ததும் கழற்றிப் போடுவார். வில்லைகள் கறுக்காமலிருக்க மோர்த்தண்ணீர். இத்தனைக்கும் பேச்சும் பார்வையும் என்னிடம்தான்.

இப்படி ஒருவர் செய்து காட்டுவதைக் கொண்டுதான் இன்று ரோபோக்களை வீட்டு வேலைக்குப் பழக்குகிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மொபைல் அலோஹா என்ற ரோபோ 2024-இல் இறால் வதக்கியது. ஆள் பின்னால் நின்று அதன் இரண்டு கைகளையும் இயக்கி, ஒரு வேலையை அதிகபட்சம் 50 தடவை செய்து காட்டினார்கள். வேறு வேலைகளைச் செய்து காட்டிய பழைய பதிவுகளும் துணைக்கு இருந்தன. அப்புறம் அது தானாகவே செய்தது. அவ்வளவு தூரம் போவானேன், நம் கரூரிலேயே நெற்றியில் கேமரா கட்டிக்கொண்டு துண்டு மடிக்கிறார்கள் என்று 2025-இல் செய்தி வந்தது. அந்தப் பதிவுகள் அமெரிக்க ரோபோக்களைப் பழக்கப் போகின்றன.

கை நம்முடையது. எந்த வேலையைப் பழக்குவது என்ற முடிவு மட்டும் எங்கேயோ எடுக்கப்படுகிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. செய்து காட்டுகிறவர் சொல்லித்தரும் வாத்தியார்; அதற்குத் தகுந்த சம்பளம் வேண்டும். கேமரா வீட்டுக்குள் வந்தால் அதை நிறுத்தும் உரிமை வீட்டுப் பெண்ணிடம் இருக்க வேண்டும், ஏனென்றால் அடுப்படியில் நடக்கும் பேச்செல்லாம் அதில் பதிவாகிவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால், தினம் அந்த வேலையைச் செய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

நான் கேட்டேன். நாரெடுப்பதைத்தான் சொல்வார் என்று நினைத்திருந்தேன்.

"நறுக்குறத நான் பாத்துக்கிறேன்டா. முத்தத்துப் பாசியத் தேய்க்கச் சொல்லு. பரண்லேருந்து அண்டாவ எறக்கித் தரச் சொல்லு."

போன ஐப்பசி மழையில் அந்தப் பாசியில்தான் வழுக்கி விழுந்தார். பிள்ளைகள் நாங்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறோம். எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான்: வயதானவர் ஒருவர், ஈரம் காயாத முற்றம் ஒன்று. துண்டு மடிக்க அம்மாவுக்கு யாரும் வேண்டாம். ஈரத்தரையில் தான் வழுக்காமல் நின்று பாசி தேய்க்கிற ரோபோவை யாராவது பழக்கினால், முதல் ஆளாக எங்கள் முற்றத்தைத் திறந்துவிடுகிறேன்.