முதல் செலவு வண்டிக்கு அடியில்

நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகக்கூடிய பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியவர்கள் படம் போட்டால் என் கண் நேராகக் கூரைக்குத்தான் போகிறது. வண்டி கைக்கு வந்து சில வாரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் மேலே கூடாரம், முன்னால் வரிசையாக விளக்குகள், பக்கவாட்டில் விரித்துக்கொள்ளும் நிழல் மறைப்பு எல்லாம் ஏறியிருக்கும். ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் ஆக்சிலின் இரு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஆளில்லாத காட்டுப் பாதையில் இரவு தங்கப்போகிற வண்டிக்கு முதல் பணம் அதன் அடிப்பாகத்தில்தான் போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

விற்றவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். ரசீது இல்லாத பராமரிப்பை நடக்காத பராமரிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆயிலை எல்லோரும் மாற்றிவிடுகிறார்கள். கியர்பாக்ஸ், முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃபரன்ஷியல்கள், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட் ஆகியவற்றைத்தான் விட்டுவிடுகிறார்கள். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். நீளமான மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது உள்ளே ஆவிக்குமிழ்கள் உண்டாகி, பெடல் பிடிமானமே இல்லாமல் கீழே போய்விடும். 2 ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வது இதனால்தான்.

பழைய எண்ணெய் வடியும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அதுவே வண்டியின் வரலாற்றைச் சொல்லிவிடும். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மாவுபோல மெல்லிய இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் கவலையில்லை. சில்லு சில்லாக வந்தால் உள்ளே பல்சக்கரமோ பேரிங்கோ போய்க்கொண்டிருக்கிறது. எண்ணெய் வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சில் திடீரென்று குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளேயிருக்கும் காற்று சுருங்கும். ஆக்சிலின் மூச்சுக்குழாயான பிரீதர் அடைத்திருந்தாலோ, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தாலோ, அந்த இழுப்பில் தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஒரு துண்டு ஹோஸ் போட்டு பிரீதரை இன்ஜின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய் வைப்பது மிகச் சின்ன வேலை. அதைச் செய்யாமல், இன்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்னார்கல் குழாயை மாட்டிக்கொண்டு ஓடையில் இறங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், மாற்றியதற்கு ஆதாரம் இல்லாத பட்சத்தில் உடனே மாற்றிவிடுங்கள். பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதிவிடும். அப்புறம் பெல்ட் செலவு இன்ஜின் செலவாகிவிடும்.

சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, வண்டிக்கு முட்டுக்கொடுத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கையோ, சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டையோ சந்தேகப்பட வேண்டும். இடமும் வலமும் ஆடினால் பெரும்பாலும் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனை. சேஸிஸ் சட்டத்துக்குள் காய்ந்து கிடக்கும் சேற்றைக் கழுவி வெளியேற்றிவிட்டுத் துருவைத் தேடுங்கள். மேலே அடித்திருக்கும் புதுக் கறுப்புப் பெயின்ட்டை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, முந்தைய உரிமையாளர் ஃபோர் வீலைப் போட்டே பார்க்காமல் இருந்திருக்கலாம். இது நிறைய நடக்கிறது. அசையாமலே கிடந்த இணைப்புகள் இறுகிப்போயிருக்கும். மண் தரையில் சாதாரண வேகத்துக்கான ஹை ரேஞ்ச், மெதுவாக அதிக இழுவை தரும் லோ ரேஞ்ச் இரண்டையும் போட்டு ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் மாதம் ஒருமுறையாவது போட்டு எடுங்கள். முன் பின் ஆக்சில்களுக்கு நடுவே சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத, தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடும் பார்ட் டைம் வண்டியாக இருந்தால் காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் போடாதீர்கள். வளைவில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வெவ்வேறு தூரம் போகும். அந்த வித்தியாசம் சறுக்கித் தீர வழியில்லாமல் பல்சக்கரங்களை முறுக்கும்.

டயருக்கு வருவோம். பட்டன் ஆழமாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். பக்கச் சுவரில் DOT (டாட்) என்று தொடங்கும் வரியின் கடைசி 4 இலக்கங்கள் பிறந்த தேதியைச் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். 10 ஆண்டு தாண்டிய ரப்பர் பளபளவென்று இருந்தாலும் எனக்கு வேண்டாம். ஸ்டெப்னியையும் பாருங்கள். பல வண்டிகளில் அது தொழிற்சாலையிலிருந்து வந்ததாகவே தொங்கிக்கொண்டிருக்கும். முகாம் போகும் பெரும்பாலானவர்களுக்கு சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரைன் டயர் போதும். பெரிய பட்டன் கொண்ட மட் டெரைன் டயர் ஆழமான சேற்றுக்கு அருமை. ஆனால் பயணத்தின் பெரும்பகுதி சாலையில்தானே, அங்கே அது இரைச்சல் போடும், மழையில் பிடிமானமும் குறையும். அளவைப் பெரிதாக்கினால் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், இழுவை சோரும், பிரேக்குக்கும் வேலை கூடும்.

டயரில் செய்யக்கூடிய மிகப் பெரிய முன்னேற்றம் காற்றை இறக்குவதுதான். மணலில் 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் தரையில் படும் பரப்பு நீளும், புதைகிற வண்டி மேலேறி ஓடும். அந்த அழுத்தத்தில் மெதுவாக ஓட்ட வேண்டும், திருப்பத்தில் வெட்டக் கூடாது. தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி அடித்துவிட வேண்டும். இல்லையென்றால் டயர் சூடேறி வெடிக்கும். ஆகவே என் கணக்கில் முதலில் வாங்க வேண்டிய சாதனம் காற்றடிக்கும் ஒரு நல்ல கம்ப்ரஸரும் சரியான அழுத்தமானியும்தான்.

சரி, இப்போது கூரைக்கு வரலாம். வண்டியின் தகட்டில் மொத்த எடை வரம்பு பொறித்திருக்கும். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழியுங்கள். மிஞ்சுவதில்தான் ஆட்கள், தண்ணீர், எரிபொருள் கேன், மாட்டிய இரும்பு பம்பர் எல்லாம் அடங்க வேண்டும். தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ. கூரைக் கூடாரம் ஒன்று 60 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். ஓடும்போது கூரை தாங்கும் வரம்போ பல வண்டிகளில் 100 கிலோவுக்குள்தான். அந்தக் கணக்கில் கூடாரத்தைத் தாங்கும் கூரை ரேக்கின் எடையும் சேரும். கரடுமுரடான பாதைக்குச் சில தயாரிப்பாளர்கள் அதையும் குறைக்கச் சொல்கிறார்கள். அத்தனை எடையும் உச்சியில் உட்காரும்போது புவியீர்ப்பு மையம் உயர்ந்து, சாய்வான பாதையில் வண்டி கவிழும் வாய்ப்பு கூடுகிறது. எனக்குத் தரைக் கூடாரமே பிடிக்கும். அதை விட்டுவிட்டு வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றிவரலாம் என்பதும் ஒரு வசதி. கனமான பெட்டிகளைத் தாழ்வாக, இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே, அசையாதபடி கட்டுங்கள். எல்லாம் ஏற்றிய பிறகு எடை மேடையில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குளிர்பெட்டி வைப்பதானால் இரண்டாவது பேட்டரி வேண்டும். காலையில் வண்டியைக் கிளப்பும் பேட்டரியைக் குளிர்பெட்டி தொடவே கூடாது. இரண்டாவது பேட்டரிக்குப் போகும் ஒயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். தேய்ந்த ஒயர் சேஸிஸில் பட்டால் வண்டியே எரிந்துவிடும்.

மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. லாரியில் ஏற்றும்போது கட்டுவதற்காக அடியில் இருக்கும் மெல்லிய வளையங்கள் இழுப்பதற்கானவை அல்ல. டிரெய்லரைக் கோக்கும் இரும்புப் பந்தில் இழுவைப் பட்டையை ஒருபோதும் மாட்டக் கூடாது. அந்தப் பந்து முறிந்து குண்டுபோலப் பறந்து மனிதர்களைக் கொன்றிருக்கிறது. சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கிய, தாங்கும் அளவு குறித்த கொக்கிகளை முன்னும் பின்னும் மாட்டுங்கள். இழுக்கும்போது சுற்றி நிற்பவர்களைத் தள்ளி நிறுத்துங்கள். பெரும்பாலான நேரம் மண்வெட்டியும் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் ஒரு ஜோடி மீட்புப் பலகையும் காற்றை இறக்குவதுமே போதும். கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச் எல்லாம் அப்புறம்.

இன்னும் ஒன்று: குளிருக்காகக் கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ அடுப்போ கரியோ வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது.

இதெல்லாம் முடிந்ததும் முழுச் சுமையோடு பக்கத்திலேயே ஓரிரவு தங்கிவிட்டு வாருங்கள். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். வந்ததும் வண்டிக்கு அடியில் படுத்துக் கசிவு பாருங்கள், அந்த இரவில் வெளியே எடுக்காத சாமான்களை இறக்கி வையுங்கள். முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், ஸ்பானர்கள், உபரி பெல்ட், ஹோஸ் ஆகியவற்றை மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள்.